சலுகை யாருக்கு, தண்டம் யாருக்கு?

ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், ஒரே நிலையத்தில் ஏறி ஒரே நிலையத்தில் இறங்கும் இருவரிடம் இருவேறு கட்டணம் வாங்குவதற்கு நியாயம் உண்டா? உண்டு. ஒருவர் மாணவராக இருக்கலாம். பார்வையற்றவராக இருக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போய்வருபவராக இருக்கலாம். அவருக்குக் கட்டணத்தைக் குறைப்பது ஒரு சமூகம் தன் நாகரிகத்தை நிலைநாட்டிக்கொள்ளும் வழி. ஆனால், ஒருவர் கைப்பேசியைத் தட்டிப் பணம் செலுத்தினார், மற்றவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து நாணயமாகச் செலுத்தினார் என்பதும் அத்தகைய நியாயங்களுள் ஒன்றாகுமா? ஆகாது என்பதே நம் வாதம். அதை நியாயமாக்கத்தான் கடந்த பத்தாண்டுகளாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். அந்த முயற்சிக்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயர் 'சலுகை'.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். சலுகை என்ற சொல்லுக்கு ஆதரவு, தயவு என்பன பொருள். வலியவர் எளியவருக்குக் காட்டுவது அது. அந்த மேல்–கீழ் வாடையின் காரணமாகவே 'சலுகை வேண்டாம், உரிமை வேண்டும்' என்று நம் மேடைகள் முழங்கின. இப்போது நடப்பதோ அதனினும் விசித்திரமானது. எளியவருக்குக் காட்டப்பட்டுவந்த தயவு, வசதியுள்ளவருக்கு வழங்கப்படும் பரிசாக உருமாறியிருக்கிறது. சொல் அப்படியே இருக்கிறது. பொருள் தலைகீழாகிவிட்டது. மொழியோடு புழங்குகிறவர்கள் முதலில் கவனித்திருக்க வேண்டியது இதைத்தான்.

ரயில்வேயின் பழைய சலுகைகள் எதனை அடிப்படையாகக் கொண்டிருந்தன? சீசன் டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மாதம் முழுவதும் போய்வருகிறவர், ஏறத்தாழ பதினைந்து ஒற்றைப் பயணங்களுக்கான கட்டணத்தைச் செலுத்தினால் போதும் என்பது அதன் கணக்கு. நகரத்தில் குடியிருக்க வாடகை கொடுக்க இயலாதவர் நகரத்துக்கு வெளியே குடியிருந்து, நகரத்துக்கு உழைப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறார். அந்த உழைப்பு தடையின்றி வந்து சேர வேண்டும் என்ற பொதுநலன் இந்தக் கணக்கின் பின்னால் இருக்கிறது. 2014 ஜூனில் இந்தப் பதினைந்தை முப்பதாக்க முயன்றார்கள். மும்பை கொதித்தது, சில நாட்களிலேயே புறநகர் ரயில்களைப் பொறுத்தவரை அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். சீசன் டிக்கெட் என்பது வாடிக்கையாளரைக் கவரும் விற்பனை உத்தியன்று, அது ஒரு நகரத்தின் உயிர்நாடி என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்துகொண்ட தருணம் அது.

2008–09 ரயில்வே வரவு செலவுத் திட்டத்தில், வீட்டிலிருந்து கல்வி நிலையத்துக்குச் சென்றுவரப் பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரையிலும் ஆண்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் கட்டணமில்லா சீசன் டிக்கெட் அறிவிக்கப்பட்டது. 2009இல், மாத வருமானம் 1,500 ரூபாயைத் தாண்டாத அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு, 100 கிலோமீட்டர் வரை செல்ல 25 ரூபாயில் 'இஸ்ஸத்' என்ற மாதச்சீட்டு வந்தது. இஸ்ஸத் என்றால் கண்ணியம். இவற்றின் நடைமுறையில் குறைகள் இருந்தன. சான்றிதழுக்காக அலைய வைத்தார்கள். அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வைத்தார்கள். ஆயினும் இவை அனைத்தும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'நீ யார், உன் தேவை என்ன?'

புதிய சலுகைகள் கேட்கும் கேள்வி வேறு: 'உன் கையில் என்ன வைத்திருக்கிறாய்?'

2016 நவம்பரில் உயர்மதிப்பு நோட்டுகளைச் செல்லாதாக்கிய கையோடு, டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. மின்னணு வழியில் பணம் செலுத்திப் புறநகர் சீசன் டிக்கெட் வாங்குவோருக்கு 2017 ஜனவரி முதல் 0.5 சதவீதம் வரை தள்ளுபடி என்றார்கள். இருநூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்! அதே காலத்தில் இணையவழி முன்பதிவுக்கான சேவைக் கட்டணத்தையும் நீக்கினார்கள். மக்கள் இணையத்துக்குப் பழகினார்கள். பழகி முடித்த பிறகு, 2019 செப்டம்பரில், அந்தக் கட்டணம் வேறு பெயரில் சத்தமின்றித் திரும்ப வந்து அமர்ந்துகொண்டது. தூண்டிலில் புழு எத்தனை நாள் இருக்கும் என்பது மீனுக்குத் தெரியாமல் போகலாம். தூண்டில் போட்டவருக்குத் தெரியும். 2025 ஜூலையில் 'ரயில்ஒன்' செயலி அறிமுகமானது. அதன் வழியே முன்பதிவில்லாச் சீட்டு எடுப்போருக்கு 3 சதவீதத் தள்ளுபடி என்று அறிவித்தபோது, 2026 ஜனவரி 14 முதல் ஜூலை 14 வரை என்று தேதியையும் குறித்தே அறிவித்தார்கள். ஐந்து ரூபாய்ச் சீட்டில் 15 காசு. தொகை அற்பம். அதை வழங்குவதன் பின்னாலுள்ள நோக்கம் அற்பமன்று.

தொகை அற்பமாக இல்லாத இடமும் உண்டு. சென்னை மெட்ரோவில் 2021 பிப்ரவரியில் கட்டணத்தைக் குறைத்து உச்சக் கட்டணத்தை 50 ரூபாயாக்கினார்கள். வரவேற்கத்தக்கது. கூடவே, பயண அட்டையோ கைப்பேசியில் க்யூஆர் சீட்டோ பயன்படுத்துவோருக்கு 20 சதவீதத் தள்ளுபடி. கேட்கத் தித்திப்பாக இருக்கிறது. சற்றுத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கைப்பேசிக்காரர் 40 ரூபாயில் செல்லும் தூரத்துக்குக் கவுண்டரில் நாணயத்தை நீட்டுபவர் 50 ரூபாய் கொடுக்கிறார். அதாவது கால் பங்கு கூடுதல். ஒரே கணக்கைத் தள்ளுபடி என்றும் சொல்லலாம், தண்டம் என்றும் சொல்லலாம். எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. நாம் கவுண்டரின் பக்கம் நின்று பார்க்கிறோம்.

'அட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?' என்பார்கள். அட்டை என்பது முன்பணம். மாதச் சம்பளக்காரருக்கு நூறு ரூபாயை அட்டையில் போட்டுவைப்பது பெரிய காரியமில்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்குகிறவருக்கு, நாளை மறுநாள் செல்லப்போகும் பயணத்துக்கான பணத்தை இன்றே பூட்டிவைப்பது பெரிய காரியம். தள்ளுபடி யாருக்கு அதிகம் தேவையோ அவரால்தான் அந்த முன்பணத்தைக் கட்ட முடிவதில்லை. அந்த அட்டையாவது நிலைக்கிறதா? மெட்ரோவின் பழைய பயண அட்டையில் பணம் நிரப்பும் வசதி 2025 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. 'சிங்காரச் சென்னை' அட்டைக்கு மாறிக்கொள்ளச் சொன்னார்கள். கருவி மாறும்தோறும் ஓட வேண்டியவர் பயணிதான்.

இப்போது நாணயத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். 2020 மார்ச் 20 அன்று, பெருந்தொற்றைக் காரணம் காட்டி, நீண்டதூர ரயில்களில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையை நிறுத்தினார்கள். அறுபது வயதைக் கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும் ஐம்பத்தெட்டைக் கடந்த பெண்களுக்கு 50 சதவீதமுமாக இருந்த சலுகை அது. மாணவர்கள், மாற்றுத்திறனாளிகளில் நான்கு பிரிவினர், நோயாளிகளில் பதினொரு பிரிவினர் ஆகியோருக்கு மட்டும் எஞ்சியது. தொற்று ஓய்ந்தது, ரயில்கள் திரும்பின, கூட்டம் திரும்பியது, சலுகை மட்டும் திரும்பவில்லை. படுக்கை வகுப்பிலும் மூன்றாம் ஏசி வகுப்பிலுமாவது அதை மீட்டளிக்கலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்தது. எல்லாப் பயணிகளுக்கும் ஏற்கெனவே மானியம் தருகிறோம் என்பது அரசின் மறுமொழி. 2016 வாக்கில் பயணச்சீட்டிலேயே ஒரு குறிப்பை அச்சிடத் தொடங்கினார்களே, நினைவிருக்கிறதா? பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வேக்குத் திரும்பக் கிடைக்கிறது என்று. காசு கொடுத்து வாங்கிய சீட்டிலேயே 'நீ கடனாளி' என்று எழுதித் தருவது உலகில் எந்தக் கடைக்காரரும் செய்யத் துணியாத காரியம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதுமைக்குக் கொடுக்கப் பணமில்லை. செயலிக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. பணம் இல்லை என்பது காரணமாக இருக்க முடியாது. யாருக்குக் கொடுப்பது என்ற தேர்வே காரணம்.

காப்பீட்டு விவகாரம் இதனினும் கசப்பானது. ஐஆர்சிடிசி வழியாக இணையத்தில் உறுதிப்படுத்தப்பட்ட சீட்டு எடுத்தவருக்கு, சில காசுகள் கட்டணத்தில் பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. 2016 டிசம்பரிலிருந்து 2018 ஆகஸ்ட் வரை இணையப் பயணிகளுக்கு அதை இலவசமாகவே தந்தார்கள். கவுண்டரில் வரிசையில் நின்று பொதுப்பெட்டிக்குச் சீட்டு எடுத்தவருக்கு, காசு கொடுத்தாலும் அந்தக் காப்பீடு இல்லை. செல்லத்தக்க சீட்டு வைத்திருந்த அனைவருக்கும் சட்டப்படியான இழப்பீடு உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு மேலான பாதுகாப்பு, உயிரை வைத்து அளக்கப்படாமல் சீட்டு வாங்கிய வாசலை வைத்து அளக்கப்படுகிறது. 2023 ஜூனில் பாலசோர் விபத்து நடந்தபோது நாடு இந்த வேறுபாட்டைக் கொஞ்ச நாள் பேசியது. பிறகு மறந்தது.

இனி, சீட்டு என்ற பொருளுக்கு வருவோம். தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய ரயில் ஊழியர் 1830களில் உருவாக்கிய தடித்த அட்டைச் சீட்டு, நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டு காலம் புழங்கியது. அதன் எண், அதன் ஓட்டை, அதைக் குத்தும் கருவியின் ஓசை ஆகியவற்றைப் பற்றி நம் சிறுகதைகளிலும் கவிதைகளிலும் ஏக்கப் பெருமூச்சுகளுக்குக் குறைவில்லை. நாம் அந்த ஏக்கத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. அந்த அட்டையின் சிறப்பு அதன் மணத்தில் இல்லை. அது வைத்திருப்பவரின் சொத்து என்பதில் இருந்தது. மின்னேற்றம் வேண்டாம், எழுத்தறிவுகூட வேண்டாம். பரிசோதகர் கேட்டால் நீட்டினால் போதும். பணம் பெற்றுக்கொண்டோம் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

செயலிச் சீட்டில் அந்தப் பொறுப்பு பயணியின் தலைக்கு மாறிவிட்டது. சென்னையில் 2015 ஏப்ரலில், எழும்பூர்–தாம்பரம் தடத்தில், யூடிஎஸ் செயலியின் தாளில்லாச் சீட்டு அறிமுகமானது. கைப்பேசியில் சீட்டைக் காட்ட முடியாமல் போனால் அவர் சீட்டின்றிப் பயணம் செய்தவராகவே கருதப்படுவார் என்பது அதன் விதி. பணம் கட்டியிருந்தாலும் சரி. மின்கலம் தீர்ந்துபோவது குற்றமாகிறது. கட்டணத்துக்கு மேல் குறைந்தது 250 ரூபாய் தண்டம். நிலையத்துக்குள்ளே வந்துவிட்ட பிறகு அங்கிருந்தபடியே தாளில்லாச் சீட்டு எடுக்க முடியாது. சுவரில் ஒட்டியுள்ள க்யூஆர் குறியைத் தேடி ஓட வேண்டும். பரிசோதகரைக் கண்ட பிறகு சீட்டு எடுக்கும் தந்திரத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு என்கிறார்கள். ஏற்கத்தக்க காரணம்தான். ஆனால் ஒரு சிலரின் தந்திரத்துக்காக அனைவரையும் ஐயத்துடன் நோக்கும் இயந்திரத்திடம், கவுண்டர் ஊழியரிடம் பேசுவதைப் போல 'ஐயா, வண்டி வந்துவிட்டது' என்று மன்றாட இயலாது.

நம்மை எதிர்த்துச் சொல்லப்படுபவற்றை நாம் அறிவோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: வரிசை குறைகிறது. உண்மை. மாதத் தொடக்கத்தில் சீசன் டிக்கெட் புதுப்பிக்க அரை நாள் நின்ற கொடுமை நமக்கும் தெரியும். செயலி அதைத் தீர்த்தது. அதற்காக அதைப் பாராட்டவே செய்கிறோம். வரிசை நீண்டதற்குக் காரணம் என்ன என்பதையும் கேட்க வேண்டும். ஐந்து கவுண்டர்கள் உள்ள இடத்தில் இரண்டைத் திறந்து வைத்தால் வரிசை நீளத்தான் செய்யும். செயலிக்குப் பலர் மாறிய பின் மிஞ்சியவர்களுக்கு வரிசை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 'இப்போது கூட்டமில்லையே' என்று இன்னொரு கவுண்டரையும் மூடினால் அவர்கள் முன்போலவே நிற்பார்கள். சுகம் செயலிக்குப் போகிறது. சுமை கவுண்டரிலேயே தங்கிவிடுகிறது.

இரண்டு: இப்போது யாரிடம் கைப்பேசி இல்லை? வீட்டில் ஒரு கைப்பேசி இருப்பதும் அது அந்த வீட்டுப் பெண்ணின் கையில் இருப்பதும் ஒன்றன்று. கைப்பேசி இருப்பதும் அதில் வங்கிக் கணக்கு இணைந்திருப்பதும் ஒன்றன்று. இணைந்திருப்பதும், எண்ணை மாற்றித் தட்டினால் பணம் போய்விடுமோ என்ற அச்சமின்றி அதைக் கையாளத் தெரிவதும் ஒன்றன்று. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து விடியலில் கீரைக்கட்டும் பூக்கூடையுமாக வந்திறங்கும் பெண்கள் நகரத்துக்குச் செய்யும் உதவிக்கு, அவர்களை நாம் முதலில் கணினித் தேர்வில் தேறச் சொல்ல வேண்டுமா?

மூன்று: தானியங்கி இயந்திரம் இருக்கிறதே. இருக்கிறது. அதன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், கழிவுத்தொகைக்காக, தம் அட்டையைப் பயன்படுத்திப் பயணிகளிடம் காசு வாங்கிச் சீட்டு எடுத்துத் தருகிறார். மனிதரை நீக்க வந்த இயந்திரத்தின் அருகில் மீண்டும் ஒரு மனிதரை நிறுத்த வேண்டியிருக்கிறது. முன்பு அவருக்குக் கண்ணாடித் தடுப்பும் நாற்காலியும் மாதச் சம்பளமும் இருந்தன என்பதுதான் வேறுபாடு. மனிதர் தேவைப்படுகிறார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நான்கு: தாள் மிச்சமாகிறது, மரம் பிழைக்கிறது. விரல்நீளச் சீட்டில் மரத்தைக் காப்பவர்கள், நகரெங்கும் தொங்கும் விளம்பரப் பதாகைகளைச் சற்று அண்ணாந்து பார்க்கலாம்.

சொல்லப்படாத ஐந்தாவது காரணம் ஒன்று உண்டு. அட்டைச் சீட்டுக்கு உங்கள் பெயர் தெரியாது. செயலிக்குத் தெரியும். நீங்கள் எத்தனை மணிக்கு எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள், வாரத்தில் எத்தனை நாள் என்பதும் தெரியும். 2022 ஆகஸ்டில், பயணிகளின் தரவுகளைப் பணமாக்கும் வழிகளை ஆராய ஆலோசகர் தேவை என்று ஐஆர்சிடிசி ஒப்பந்தப்புள்ளி கோரியது. எதிர்ப்பு எழுந்ததும் அம்மாதமே அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றதை நாம் வரவேற்கிறோம். அப்படியோர் எண்ணம் எழுந்தது என்பதை மறப்பதற்கில்லை. தள்ளுபடி என்ற பெயரில் நமக்குத் தரப்படும் சில காசுகள் நன்கொடையா, கொள்முதல் விலையா என்ற கேள்வி எழுவது இங்கேதான்.

நாம் பிற்போக்காளர்கள் என்று முத்திரை குத்த விழைவோர் கடல் கடந்தும் பார்க்கட்டும். இங்கிலாந்தில் 2023 ஜூலையில், ரயில் நிலையங்களின் சீட்டு அலுவலகங்களில் பெரும்பாலானவற்றை மூடும் திட்டத்தை அறிவித்தார்கள். ஏறத்தாழ 7,50,000 பேர் தம் கருத்தை அனுப்பினார்கள். அக்டோபர் 31 அன்று திட்டம் கைவிடப்பட்டது. ஜெர்மனியில் 'பான்கார்டு' என்ற ரயில் சலுகை அட்டையின் நெகிழி வடிவத்தை 2024 ஜூனில் நிறுத்தினார்கள். எதிர்ப்புக்குப் பின், கைப்பேசி இல்லாதவருக்குத் தாளில் அச்சிட்ட மாற்று ஆவணம் தர வேண்டியதாயிற்று. அதே நாட்டில், தள்ளுபடிச் சீட்டு வேண்டுமானால் மின்னஞ்சலோ கைப்பேசி எண்ணோ தந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை சட்டவிரோதம் என்று 2025 ஜூலையில் பிராங்க்ஃபர்ட் உயர்நிலை மண்டல நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது நுகர்வோர் அமைப்பு. கணினியை நம்மினும் முன்பே கண்டவர்கள் அவர்கள். அவர்களே 'தள்ளுபடிக்கு விலையாக என் அடையாளத்தைக் கேட்காதே' என்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அட்டை கேட்கவில்லை, செயலி கேட்கவில்லை, வருமானச் சான்று கேட்கவில்லை. ஏறினால் போதும். அத்திட்டத்தின் அரசியல் பற்றி எவ்வளவும் விவாதிக்கலாம். ஆனால் ஒரு சலுகை, பெறுகிறவரை எந்தத் தேர்வுக்கும் உட்படுத்தாமல் அவரைச் சென்றடைய முடியும் என்பதற்கு அது நடைமுறைச் சான்று. பூக்காரப் பெண்ணால் அதே காலையில் பேருந்தில் தலைநிமிர்ந்து ஏறவும், மெட்ரோவில் கால் பங்கு கூடுதலாகக் கொடுத்து ஏறவும் முடிகிறது. இரண்டும் ஒரே நகரத்தில்தான்.

'இலக்கியம் பேசும் இடத்தில் டிக்கெட்டுக்கு என்ன வேலை?' என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1917இல் காந்தி மூன்றாம் வகுப்பில் பம்பாயிலிருந்து சென்னைக்குப் பயணம் செய்து, அந்த வகுப்புப் பயணிகள் பட்ட அவமதிப்பை எழுதி வெளியிட்டார். கட்டணம் எவ்வளவு என்பதைக்கூட அதில் குறித்தார். அது இலக்கியமா இல்லையா என்று அவர் யோசித்திருக்கமாட்டார். முதலாம் குலோத்துங்கனுக்குப் பட்டங்கள் பல இருந்தும் மக்கள் நாவில் நின்றது 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பது. சுங்கத்தை விரைவாக வசூலித்த சோழன் என்று எவரும் கல்லில் வெட்டிவைக்கவில்லை.

நம் கோரிக்கைகள் எளியவை. செயலி இருக்கட்டும், வளரட்டும், அதன் ஒவ்வொரு திரையும் தமிழில் இருக்கட்டும். ஆனால், பணம் செலுத்தும் முறையைக் கொண்டு கட்டணத்தை வேறுபடுத்தக் கூடாது. தள்ளுபடி தர முடியுமானால் எல்லோருக்கும் தருக. பணம் கட்டியதற்கான சான்றை நிறுவனத்தின் பதிவேட்டிலேயே சரிபார்க்கும் பொறுப்பு பரிசோதகருடையதாக வேண்டும். அணைந்த கைப்பேசிக்குத் தண்டம் கூடாது. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி ஓடும் நேரமெல்லாம் குறைந்தது ஒரு கவுண்டராவது, ஒரு மனிதருடன், திறந்திருக்க வேண்டும். மூத்த குடிமக்களின் சலுகை திரும்ப வேண்டும். இவற்றுள் எதுவும் தொழில்நுட்பத்துக்கு எதிரானதன்று. எதற்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையுமில்லை.

கைப்பேசியில் சீட்டு எடுக்கிற நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நாம் பெறும் இருபது சதவீதம் வானத்திலிருந்து விழவில்லை. நமக்கு முன்னால் வரிசையில் நின்று, சில்லறையை எண்ணி நீட்டியவர் அந்த வேறுபாட்டைத் தம் கையிலிருந்து கொடுத்திருக்கிறார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நம்மிடமும் கேட்கவில்லைதான். கேட்டிருந்தால், 'வேண்டாம்' என்று சொல்லியிருப்போமா?